மீதி

ஐந்து ரோட்டுக் கடையில் தொண்ணூறு ரூபாய்.
நீலப் பிளாஸ்டிக், நடுவே ஒரு தகர நாக்கு.
அமுக்கினால் டக்.
விட்டால் இன்னொரு டக், அது கணக்கில் இல்லையாம்.
இதற்கா இவ்வளவு என்றாள் பெனடிக்டா.
ஏற்காடு வண்டியில் பதினோரு வருஷம் ஊதியவன்
சத்தத்துக்குக் காசு கொடுத்தது இதுவே முதல் முறை.

குட்டி டிப்போவில் கிடைத்தது,
கழற்றிப் போட்ட டயருக்குள் சுருண்டு,
செம்மண் நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை.
சில்லறை என்று பெயர் வைத்தேன்.
வீட்டிலாவது இருக்கட்டுமே
கேட்கும்போதெல்லாம் என்னிடம் இல்லாத ஒன்று.

முதல் நாள் அதனிடம் எதுவும் கேட்கக் கூடாது.
உட்கார் இல்லை, வா இல்லை, ச்சீ போ இல்லை.
டக். ஒரு துண்டு ஈரல்.
டக். ஒரு துண்டு ஈரல்,
அவித்து, பொட்டுக்கடலை அளவுக்கு அரிந்தது.
கோரிமேட்டு மாடிப்படியில் நானும் அதுவும்
காரணமே இல்லாமல் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம்.
பதினைந்தாவது டக்குக்கு
வெள்ளைக் காது முதலில் திரும்பியது,
பிறகு மூக்கு,
பிறகு முழு நாயும்.

விசில் வேறு.
ஒன்று ஊதினால் நில், இரண்டு ஊதினால் போ.
இனி நடக்க வேண்டியதைத்தான் விசில் சொல்லும்.
இது நடந்துவிட்டதைச் சொல்கிறது:
இப்போது செய்தாயே, அது, அதேதான், ரைட்.
எத்தனை லட்சம் ரைட் சொல்லியிருப்பேன்
அந்த மலையில் ஏறி இறங்கி.
ஒன்றுகூட இந்த அர்த்தத்தில் இல்லை.

மூன்றாம் நாள் பிசகினேன்.
பின்பக்கம் தரையைத் தொட்ட நொடியில் அமுக்க வேண்டியதை
ஸ்டாப்பிங் தாண்டி ஊதிய விசில் மாதிரி
அது எழுந்த பிறகு அமுக்கினேன்.
எழுவதற்குத்தான் ஈரல் என்று புரிந்துகொண்டது சில்லறை.
அன்று மாலை முழுக்க
எழுவதற்காகவே உட்கார்ந்தது.

தப்பாய் அமுக்கினாலும் கொடுத்துவிட வேண்டும்.
நாய்க்கு இது சுலபம். எனக்குத்தான் கை வரவில்லை.
டக் என்றால் கடன்.
டிக்கெட்டின் பின்னால் கிறுக்கிக் கொடுத்து
இறங்கும்போது வாங்கிக்கோங்க என்று
முன்வாசலுக்கு நழுவ முடியாது.
கடன்காரன் வாலை ஆட்டியபடி
காலடியிலேயே நிற்கிறான்.

சமையலறையில் பெனடிக்டா கேஸ் லைட்டரை அமுக்கினாள். டக்.
பாதித் தூக்கத்தில் இருந்தது பாய்ந்து போய்
அவள் முன் நின்றது.
காப்பி போட வந்தது ஒரு குத்தமா என்றபடி
கிண்ணத்திலிருந்து ஒரு துண்டு போட்டாள்.
இப்போது விடிகாலையில் அடுப்புக்கு முன்னால்
சில்லறை காத்திருக்கிறது,
முதுகு நிமிர்ந்து, கால் சேர்த்து,
நான் சொல்லிக்கொடுத்து ஒருநாளும் வராத நேர்த்தியில்.

வெள்ளிக்கிழமை அந்த நீலச் சாமான்
காக்கிச் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது.
பதினேழாவது வளைவில் மூட்டம்.
மேலேயிருந்து சவுக்கு ஏற்றிய லாரி, விளக்கு மட்டும் தெரிகிறது.
மாதையன் வண்டியை ஒரு சாண் பின்வாங்கி,
கைப்பிடிச் சுவரில் பெயின்ட் ஒட்டாமல்
ஒடித்து எடுத்த அந்த நொடியில்
நான் கம்பியில் சாய்ந்தேன்.
டக்.

என்னய்யா சத்தம் என்றார், திரும்பாமல்.
ஒண்ணுமில்ல என்றேன்.
ஆனால் அமுங்கிவிட்டதே.
நாய்க்குக்கூட இத்தனை சரியாய்
ஒரு தடவையும் அமுக்கியதில்லை நான்.

மேலே போய் நின்றதும்
ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கி நீட்டினேன்.
மாதையன் பஜ்ஜியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
மறுபடி பஜ்ஜியை.
எவ்வளவு வேணும்னு நேரா கேளு என்றார்.

ஆறிடும், சாப்பிடுங்க என்று சொல்லித் திரும்பினால்
நாகலூர் போகிற அம்மா இன்னும் இறங்கவில்லை.
படியோரம் நிற்கிறார்.
கையில் டிக்கெட்,
பின்பக்கம் என்னைப் பார்த்தபடி.